‘எனக்கு மோர் போறும்’

திருவனந்தபுரம் வலியசாலையின் பெயருக்குள்ளேயே உணவின் வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில்தான் இருந்தது என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள மகாதேவர் கோயில் காந்தளூர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ‘சாலை’ என்பது கல்விக்கூடமா, அறச்சாலையா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் ஏற்படுத்திய சாலை, 95 சட்டர்கள் தங்கிப் பயில்வதற்கானது என்று அவனுடைய செப்பேடு கூறுகிறது. தங்கிப் பயில்வோருக்குச் சோறு வேண்டும். பிற்காலத் திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகளும் இந்த மரபின் தொடர்ச்சியே. பலர் கூடி உண்ணும் இடத்தில் முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு என்ற ஒழுங்கு தானாகவே உருவாகிவிடும். அரசின் ஊட்டுப்புரைகள் மூடப்பட்ட பின்னரும் அந்த ஒழுங்கு அக்கிரகாரத்து அடுக்களைகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

வலியசாலைத் தெருக்களின் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு பால் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை அங்கே வளர்ந்த எவரும் சொல்லிவிடுவர். காலையில் முதல் காப்பி வீட்டுப் பெரியவருக்கு. அடுத்த பங்கு குழந்தைகளுக்கு. எஞ்சிய பால் உறைக்கு ஊற்றப்படும். மறுநாள் தயிரின் ஒரு பகுதி ஆண்களின் இலைக்குப் போகும். மறு பகுதி கடையப்பட்டு வெண்ணெயாகும். வெண்ணெய் உருகி நெய்யாகும். நெய் முதலில் சுவாமிக்கு, பிறகு பருப்பு சாதத்தோடு முதல் பந்திக்கு. கடைந்தெடுத்த மோரில் நீர் வார்த்துப் பெருக்குவார்கள். எல்லாரும் உண்டு எழுந்த பின் அமரும் பெண்ணிடம் தயிர் வேண்டுமா என்று யாரேனும் கேட்டால் ஒரே விடைதான் வரும்: “எனக்கு மோர் போறும்.” இந்த விடையைப் பிறர் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள், சொன்னவளும் அப்படித்தான் நம்பினாள். அவளுடைய எலும்புகளுக்கு அது ஒரு நாளின் கணக்காக இருந்தது.

அந்தக் கணக்கில் ஒரு முரண் உண்டு. வீட்டில் மிக உயர்வாக மதிக்கப்பட்ட நெய்யில் சுண்ணாம்புச் சத்து என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. பாலின் கால்சியத்தில் ஒரு பகுதி கேசீன் என்னும் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. மற்றது நீர்ப்பகுதியில் கரைந்திருக்கிறது. கொழுப்போடு அது போவதில்லை. ஆகவே மத்து சுழன்று வெண்ணெய் மேலே திரளும்போது, எலும்புக்கு வேண்டியது கீழே மோரிலேயே தங்கிவிடுகிறது. கடைந்த மோர் தன்னளவில் ஏழ்மையான உணவு அன்று. அதை ஏழ்மையாக்கியது பின்னர் வார்க்கப்பட்ட தண்ணீர். கோபாலன், ராம சாஸ்திரி, பாலசுப்பிரமணியன் ஆகியோர் 1971இல் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணையில் 100 கிராம் தயிருக்கு 149 மில்லிகிராம் கால்சியம் தரப்பட்டுள்ளது, மோருக்கு 30. நம் வீடுகளில் ‘மோர்’ என்று புழங்குவது ஒரு பங்கு தயிரோடு ஏறத்தாழ நான்கு பங்கு நீர் சேர்ந்தது என்பதை இந்த இரண்டு எண்களுமே காட்டிவிடுகின்றன.

அதே அட்டவணையைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒரு நாள் உணவைக் கூட்டிப் பார்க்கலாம். அரிசி 300 கிராம்: 30 மில்லிகிராம். சாம்பாருக்கான துவரம்பருப்பு 40 கிராம்: 29. தேங்காய் 30 கிராம்: 3. கறிக்கும் கூட்டுக்குமாகக் காய்கள் 150 கிராம்: சுமார் 50. இரண்டு வேளைக் காப்பிக்குமாகப் பால் 100 மில்லி: 120. மோர் ஒரு தம்ளர், 200 மில்லி: 60. ஆக மொத்தம் 290 சொச்சம். அதே சமையலை உண்டு, காப்பிக்கு 200 மில்லி பாலும் சாதத்துக்குக் கால் கிலோ தயிரும் பெற்ற ஆணுக்கு 720 வரை கிடைத்திருக்கும். அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று, சமைத்த கை ஒன்று. பரிமாறும் வரிசை மட்டுமே இருவருக்குமிடையே 400 மில்லிகிராமுக்கு மேல் வேறுபாட்டை உண்டாக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வயது வந்தோருக்குப் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். பாலூட்டும் தாய்க்கு 1200.

குறைவாக உண்பதன் விளைவு உடனே தெரிவதில்லை. உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. வயது வந்தவரின் உடலில் அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. எஞ்சிய ஒரு விழுக்காடு இரத்தத்திலும் திசுக்களிலும் இருந்துகொண்டு தசைச் சுருக்கம், நரம்புச் செய்தி, இரத்த உறைவு ஆகியவற்றை நடத்துகிறது. இரத்தத்தின் கால்சிய அளவு சிறிது இறங்கினாலும் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்ளும். எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். இதனால் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும். பற்று எழுதப்படுவது எலும்பின் ஏட்டில். கருவிலிருக்கும் குழந்தை தன் எலும்புக்கூட்டுக்காகத் தாயிடமிருந்து 30 கிராம் வரை பெறுகிறது. பாலூட்டும் மாதங்களில் நாள்தோறும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் தாய்ப்பாலில் செல்கிறது. இளம் உடல் இவற்றுள் பெரும்பகுதியைப் பின்னர் மீட்டுக்கொள்ளும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும் ஆண்டுகளில் ஏற்படும் இழப்பு அவ்வாறு மீள்வதில்லை. ஏறத்தாழ முப்பது வயதுக்குள் சேர்த்து வைத்த எலும்பின் அளவுதான் அப்போது கைகொடுக்கும் முதல். சேர்க்க வேண்டிய வயதில் மோரோடு நிறைவடைந்தவளுக்கு அந்த முதலே சிறியது.

தென்னிந்திய உணவில் கால்சியம் குறைவு என்பது அண்மைக்காலக் கண்டுபிடிப்பு அன்று. வலியசாலையிலிருந்து வெகு தொலைவில் இல்லாத நீலகிரியின் குன்னூரில், மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு 1935இல் அய்க்ராய்ட் இயக்குநரானார். இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளை 1937இல் அரசு வெளியீடாகக் கொண்டுவந்தவர் அவர். மேலே கூட்டிய எண்களின் மூதாதை அந்தச் சிறுநூலே. அதே ஆண்டில் அவரும் கிருஷ்ணனும் வெளியிட்ட ஆய்வொன்று, அரிசியை முதன்மையாக உண்ட தென்னிந்தியப் பிள்ளைகளின் வழக்கமான உணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்தபோது அவர்கள் மற்றவர்களைவிட உயரத்திலும் எடையிலும் கூடுதலாக வளர்ந்ததைக் காட்டியது. தொடர்ந்து கால்சியம் லாக்டேட்டை மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனைகளிலும் வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்ததாக அவர்கள் எழுதினர். கொழுப்பு நீக்கிய பால் என்பது என்ன? வெண்ணெய் எடுக்கப்பட்ட பால். அக்கிரகாரத்து மத்தும் மேனாட்டுப் பால்பொடி இயந்திரமும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. கொழுப்பு போன பின் எஞ்சுவது பிள்ளைகளை வளர்க்கும் என்பதை 1930களின் அறிவியல் மெய்ப்பித்துக்கொண்டிருந்த வேளையில், அடுக்களைகளில் அதே பொருள் ‘கழிந்தது’ என்னும் மதிப்போடு தண்ணீர் சேர்க்கப்பட்டுக் கடைசிப் பந்திக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு எதிர்வாதமும் அதே காலத்திலேயே பிறந்தது. பிறந்த இடம் இலங்கை. நிக்கல்ஸ், நிமலசூரியா இருவரும் 1939இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பமண்டல மக்கள் குறைந்த கால்சியத்துக்குத் தம்மைப் பழக்கப்படுத்திக்கொள்கின்றனர் என்று வாதிட்டது. உண்ணும் அளவு குறையும்போது குடல் கூடுதலான விகிதத்தை உறிஞ்சுகிறது, சிறுநீரில் வெளியேறுவது குறைகிறது. இது உண்மை, இன்றைய உடலியலும் ஏற்கிறது. 1962இல் உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் கூடி வயது வந்தோருக்கு 400 முதல் 500 மில்லிகிராம் போதும் என்றன. இந்தியாவின் பரிந்துரையும் நெடுங்காலம் 400இல் நின்றது. 2010இல் 600 ஆயிற்று. பத்து ஆண்டு கழித்து 1000. இதைக் காணும் மாணவர் ஒருவர், மாறியது உடலா அறிவியலா என்று கேட்பது நியாயமே. போதுமானது என்னும் சொல்லின் பொருள்தான் மாறியிருக்கிறது. நாள்தோறும் வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்பதைப் போதுமானது எனலாம். எழுபது வயதில் தடுக்கி விழுந்தாலும் இடுப்பு முறியாத அளவுக்கு எலும்பு சேர்ந்திருப்பதையும் போதுமானது எனலாம். முதல் பொருளுக்கு 400 போதும். இரண்டாவதற்குப் போதாது.

தகவமைப்பு என்ற சொல்லைக் கையாளும்போது யாருடைய தகவமைப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980களில், சிறிய உடலும் நலமான உடலே என்ற கருத்து பொருளியலாளரிடையே செல்வாக்குப் பெற்றபோது அதைக் கடுமையாக மறுத்தவர் சி. கோபாலன். ஏழையின் குட்டையான உடலை இயற்கையின் இசைவு என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்வது வறுமையை ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பாகும் என்பது அவர் நிலை. எலும்பைப் பொறுத்தவரை அவருடைய ஐயத்துக்குச் சான்று, குன்னூர்க் கூடத்தின் வாரிசாக ஐதராபாத்தில் வளர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்தே வந்தது. வீணா சத்ருக்ன குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வருவாய்ப் பிரிவைச் சேர்ந்த 30 முதல் 60 வயதுவரையான 289 பெண்களின் எலும்பு அடர்த்தி அளக்கப்பட்டது. அவர்கள் உணவின் கால்சியம் நாளொன்றுக்குச் சராசரியாக 270 மில்லிகிராம். தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு எலும்புப்புரை காணப்பட்டது. அறுபதைத் தாண்டாத பெண்களின் நிலை இது. அந்த 270, அக்கிரகாரத்து மோர்க்கணக்கின் 290க்கு மிக அருகில் இருக்கிறது. சாதியிலும் வருவாயிலும் வேறுபட்ட இரண்டு வீடுகளில், வறுமையும் பந்தி ஒழுங்கும் தனித்தனி வழியில் நடந்து ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

பாலை மிகுதியாகப் பருகும் வடஐரோப்பிய நாடுகளில் இடுப்பெலும்பு முறிவு அதிகமாயும், குறைவாகப் பருகும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் குறைவாயும் பதிவாவதை ஆய்வாளர் ‘கால்சிய முரண்’ என்பர். இதைக் காட்டிக் கால்சியமே தேவையற்றது என்று முடிவுகட்டுவோரும் உளர். எலும்பு உணவினால் மட்டும் உருவாவதன்று. சுமை தாங்கும் உழைப்பு, வெயில், வாழ்நாள் நீளம், உப்பின் அளவு, இடுப்பெலும்பின் வடிவம் ஆகிய அனைத்துக்கும் அதில் பங்குண்டு. கிணற்றில் நீர் இறைத்து, உரலில் மாவரைத்து, அம்மியில் துவையல் அரைத்த தலைமுறையின் எலும்புக்கு நாள்தோறும் பயிற்சி இருந்தது. அந்த உழைப்பைக் குழாயும் மின்கருவியும் நீக்கிவிட்டன, அது நல்லதே. ஆனால் உழைப்பு போன பின் உணவின் குறையை ஈடுகட்ட வேறொன்றும் வரவில்லை. வெயிலும் அப்படியே. திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நலமாக இருப்பதாகக் கருதப்பட்ட தென்னிந்தியரிடம் கால்சியக் குறைவு, பைட்டேட் மிகுதி, வைட்டமின் டி குறைபாடு ஆகிய மூன்றும் ஒருங்கே இருப்பதைக் காட்டியது. ஆண்டு முழுதும் வெயில் காயும் நாட்டில் வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிப்பவருக்கு அந்த வெயிலால் பயனில்லை.

அப்படியானால் மாத்திரை போதாதா? அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடத்தப்பட்டு 2006இல் முடிவு வெளியான பெரும் சோதனையில், 1000 மில்லிகிராம் கால்சியத்தோடு வைட்டமின் டி சேர்ந்த மாத்திரை இடுப்பெலும்பின் அடர்த்தியைச் சற்றே கூட்டியது. முறிவுகளைக் குறைத்தது என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது. அப்பெண்களுள் பலர் உணவிலேயே போதிய கால்சியம் பெற்றுவந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றிப் பார்த்த சோதனை அது. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களின் 7,195 பேரை உட்படுத்திய சோதனை 2021இல் வெளிவந்தது. அங்கே மாத்திரை இல்லை. பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூட்டி நாளொன்றுக்கு 700 மில்லிகிராமாக இருந்த கால்சியம் 1142ஆக உயர்த்தப்பட்டது. உடன் புரதமும் உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் எலும்பு முறிவுகள் 33 விழுக்காடும் இடுப்பெலும்பு முறிவுகள் 46 விழுக்காடும் குறைந்தன. முதுமையில் தொடங்கினாலும் உணவுக்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வலியசாலை அடுக்களைக்கு இதற்காக வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. ஏகாதசி நோன்புக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் இடம்பெறும் அகத்திக்கீரை, 1971ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராமுக்கு 1130 மில்லிகிராம் கொண்டது. 2017இன் புதிய அட்டவணையில் 901. மாதத்தில் இரண்டு நாள் சடங்காக வந்து போகும் கீரை அது. பித்ரு காரியத்தின் நினைவு ஒட்டியிருப்பதால் அளவோடு புழங்கும் எள்ளில் 1450. கேரளத்தில் ஆறு மாதக் குழந்தைக்கு முதலில் ஊட்டப்படுவது கேழ்வரகுக் குறுக்கு, கேழ்வரகில் 344. பல் முளைத்து அரிசிச் சோற்றுக்கு மாறியதும் கேழ்வரகு இலையைவிட்டு மறைகிறது. அந்தக் குழந்தை ஐம்பது வயதுப் பெண்ணாகும்போது அதை மீண்டும் நினைவூட்டுவாரில்லை. இவற்றின் கால்சியம் முழுதும் உடலில் சேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில கீரைகளின் ஆக்சலேட்டும் தானியங்களின் பைட்டேட்டும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். பால் செரிக்காத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும். புளிக்கும்போது பாலின் சர்க்கரை ஓரளவு கரைந்துவிடுகிறது.

முன்பு கூட்டிய 290ஐ மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தம்ளர் நீர்மோருக்குப் பதிலாகக் கால் கிலோ தயிர், அல்லது அதே அளவு தயிரைக் கடைந்து நீர் வாராத மோர்: 600. அரிசியில் 60 கிராமைக் குறைத்து அதற்கு ஈடாகக் கேழ்வரகு: 800. முருங்கைக்கீரை 50 கிராம்: 1020. நெய் வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். எலும்புக்கு அதனால் இழப்பில்லை. கூட்டலில் அரிதான பொருளோ விலையேறிய பொருளோ எதுவும் இல்லை.

எண்கள் இவ்வளவு எளிதாகக் கூடினாலும் பழக்கம் எளிதில் கூடிவருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு; இந்திய மாநிலங்களில் இதுவே உச்சம். இந்தத் தெருக்களிலும் பிள்ளைகள் பெங்களூருக்கும் கடல்கடந்தும் போய்விட்ட வீடுகள் உண்டு. அங்கே முதல் பந்தியும் இல்லை, கடைசிப் பந்தியும் இல்லை. உண்பவள் ஒருத்தி. அவள் நாள்தோறும் வாங்கும் அரை லிட்டர் பால் முழுவதும் அவளுக்கே உரியது; எண்களின்படி அவள் தேவையில் பாதிக்கு மேல் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் உறைந்த தயிரில் ஒரு கரண்டியை எடுத்து மீதியை நாளைக்கென மூடிவைத்து, எடுத்ததில் தண்ணீர் வார்த்துக் கரைத்துக்கொள்ளும் கையை அங்கே காணலாம். யாருக்காக அந்த மீதி என்று அவளைக் கேட்பவர் இல்லை. விடுமுறைக்கு வரும் மகளோ பேத்தியோ தட்டருகில் அமர்ந்து, கேட்காமலேயே கெட்டித் தயிரை அவள் சோற்றில் இட்டால், அந்தப் பழைய விடை ஒருவேளை பாதியிலேயே நின்றுவிடலாம்.